கதவில்லாத கோட்டையின் இடது கதவு

'என்னா குளிருடா சாமி'ன்னு வாய்க்குள்ள முனகினீங்க பாருங்க தம்பி, அது என் காதுல விழுந்துட்டு. இத்தனை வருசமா இந்த டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால உக்காந்திருக்கேன், குளிரை ரஷ்ய பாஷையில திட்டித்தான் கேட்டிருக்கேன். தமிழ்ல ஒருத்தர் திட்டி இன்னைக்குத்தான் கேக்கேன். உள்ள வாங்க. அந்தக் கதவு இறுக்கமா இருக்கும், தோளைக் குடுத்துத் தள்ளுங்க. ஆங், அப்படித்தான். இந்த ஸத்வோர்ஸ்க் கோட்டையில இருக்கிற ஒரே கதவு இதுதான், டிக்கெட் ரூம் கதவு. மெயின் வாசலுக்குக் கதவே கிடையாது. நீங்க பாட்டுக்கு நடந்து வந்தீங்கள்ல?

உக்காருங்க. டீ போடுதேன். பால் கிடையாது, ஜாம் இருக்கு. ஜாமைப் போட்டுத்தான் குடிக்கணும், வேற வழி இல்ல. ஊரு எது? தூத்துக்குடியா! நான் கோவில்பட்டி. பேரு சிவனணைந்தபெருமாள். இந்த ஊர்க்காரங்க வாய்ல அது நுழையுமா? பெர்மாங்காங்க. அப்படிக் கூப்பிட்டா நானும் ஏன்னு கேக்குறது.

என்ன, ஏதோ சொல்ல வாரீங்க? சொல்லலாம் சொல்லலாம், பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. அந்தப் பையை ஏன் மடியிலயே கட்டிப் பிடிச்சிருக்கீங்க? கீழ வைங்க. இங்க ஒருத்தனும் திருட மாட்டான். திருடணும்னா அடுப்புப் பக்கத்துல இருந்து எந்திரிக்கணும்ல.

முதல்ல இந்த ஊர் பெருமையைச் சொல்லிருதேன். அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். ஓசியில சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

நானூறு வருசத்துக்கு முன்னால போலந்துக்காரன் படையெடுத்து வாரான்னு சேதி. நம்மாளுங்க கோட்டைக் கதவை இழுத்துச் சாத்திட்டு உள்ள உக்காந்துட்டாங்க. போலந்துக்காரன் வந்தானா? வரல. இந்த ஊரு இருக்கிறதே அவனுக்குத் தெரியாது. வேற ரோட்டுல போயிட்டான். ஆனா மாஸ்கோவுல இருந்து ஜார் மன்னன் ஒரு படையை அனுப்பினாரு, பாவம் பசியோட கிடப்பாங்களேன்னு, கூடவே வண்டி வண்டியா மாவு. அந்தப் படை வந்து வாசல்ல நின்னு, 'கதவைத் தெறங்கய்யா, நாங்க உங்க ஆளுங்க'ன்னு கூப்பிட்டுது. உள்ள இருந்து என்ன பதில் வந்துது தெரியுமா? 'எங்க ஆளுங்க எல்லாம் உள்ளதான் இருக்காங்க. வெளிய நிக்கிறவன் எப்படி எங்க ஆளாவான்?'

சிரிக்காதீங்க. நல்லா யோசிச்சுப் பாத்தா நியாயம் மாதிரியே இருக்கும். அதான் இந்த ஊரோட திறமை.

வெளிய நின்னவங்க கெஞ்சிப் பாத்தாங்க, சிலுவையைத் தூக்கிக் காட்டினாங்க. நம்மாளுங்க பீரங்கியில குண்டைப் போட்டுச் சுட்டாங்க. இந்தக் கோட்டை பிறந்ததுல இருந்து சுட்ட ஒரே குண்டு அதுதான். அதுவும் சொந்தப் படை மேல! அவங்க மாவு வண்டியை எல்லாம் அப்படி அப்படியே போட்டுட்டு ஓடிட்டாங்க. ஓடினதும் நம்மாளுங்க கதவைத் தெறந்து வெளிய வந்து, மாவை அள்ளிட்டுப் போயி ரொட்டி சுட்டுத் தின்னாங்க. வெக்கமாவது மண்ணாவது! இன்னைக்கும் வருசா வருசம் அந்த ரொட்டியைச் சுட்டு, வெற்றித் திருநாள்னு கொண்டாடுதாங்க.

ஜாருக்குக் கோவம் வராம இருக்குமா? 'எப்ப தெறக்கணும்னு தெரியாதவனுக்குக் கதவு எதுக்கு?'ன்னு ரெண்டு கதவையும் கழட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு. திருப்பித் தரவே இல்ல. அந்த ஜாரும் போயாச்சு, அடுத்து வந்தவங்களும் போயாச்சு, ஒருத்தரும் தரல. சரி, வேற கதவு செஞ்சு மாட்ட வேண்டியதுதானே? மாட்ட மாட்டாங்க. ரோசம். அதுக்குப் பதிலா அந்த வெற்றித் திருநாளன்னிக்கு, கதவடைப்பு நாளுன்னும் சொல்லுவாங்க, வாசல்ல ரெண்டு ஆம்பிளைங்க நிப்பாங்க. ஒருத்தர் இடது கதவு, ஒருத்தர் வலது கதவு. கையை விரிச்சு, நடுவுல கையோட கை கோத்துக்கிடணும். அதுதான் கதவு. மாதாகோயில் மணி அடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் உள்ள வர முடியாது. வெளிய மாட்டிக்கிட்டவனை விடணும்னா, உள்ள இருக்கிற ஒருத்தர் 'ஸ்வோய்'னு சத்தமாச் சொல்லணும். நம்ம ஆளுன்னு அர்த்தம். சொன்னா, ரெண்டு பேரும் கையை மடக்கி வழி விடுவாங்க. சொல்லலைன்னா பனியில நிக்க வேண்டியதுதான்.

மனுசங்க நின்னு கதவாகுறாங்களாம்! நம்ம ஊர்ல சொன்னா கைகொட்டிச் சிரிப்பாங்க.

ஆங், அந்த ஜன்னல் வழியா என்ன பாத்துக்கிட்டே இருக்கீங்க? பஸ் நிக்கிறது தெரியும், கவலைப்படாதீங்க.

இந்த ஊர்க்காரங்க குணத்தைச் சொல்லுதேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு தெரியுதுல்ல? அவங்க பாட்டன் பூட்டன் காலத்துல வந்தவங்க. இன்னமும் அவங்களுக்கு 'புதுசா வந்தவங்க'ன்னுதான் பேரு. பொண்ணு குடுக்கும்போதுகூட மூக்கைச் சுருக்குவாங்க. எவ்வளவு குறுகின புத்தி பாருங்க! மனுசனை மனுசனாப் பாக்கத் தெரியாத ஜென்மங்க. ஆனா ஒண்ணு, அந்த ஆத்தங்கரைக்காரங்ககிட்ட மட்டும் முட்டை வாங்கிராதீங்க தம்பி. உடைஞ்சதை அடியில வச்சுக் குடுப்பாங்க. அவங்க வேற மாதிரி. நம்ம கோட்டைக்குள்ள அப்படிக் கிடையாது.

நான் எப்படி இங்க வந்து விழுந்தேன்னு கேக்கீங்களா? டாக்டருக்குப் படிக்க வந்தேன், பக்கத்துப் பெரிய டவுனுக்கு. படிப்பு ஏறல. ஏறலைன்னா என் மண்டையில இல்ல, அந்த உடற்கூறு வாத்தியாருக்கு என்னைப் பிடிக்கல. காலேஜ் லைப்ரரியில வேரா வேலை பாத்தா. அவளுக்குப் பிடிச்சுது. கல்யாணம் கட்டி இங்க கூட்டிட்டு வந்துட்டா. மாமனார் திமோஃபேய்தான் அப்ப இடது கதவு. ஆளு ஆறடிக்கு மேல. என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. 'குளிர் தாங்குவானா?'ன்னு மகள்கிட்டக் கேட்டாரு. என்கிட்டக் கேக்கல.

அந்த வருசமே என்னைக் கதவடைப்பு நாள்ல எதிரி வேசம் போடச் சொன்னாங்க. போலந்துத் தளபதி! 'ஏம்ப்பா, போலந்துக்காரன் எந்தக் காலத்துல என் நிறத்துல இருந்தான்?'ன்னு கேட்டேன். ரோதியோன்னு ஒருத்தன், வலது கதவு, ரிட்டயர் ஆன பஸ் டிரைவர், சூரியகாந்தி விதையைக் கடிச்சுத் துப்பிக்கிட்டே சொல்லுதான்: 'தூரத்துல இருந்து பாத்தா நீ வெளியாளு மாதிரி இருக்க. அது போதும்.' பதினாறு வருசம் தம்பி! பதினாறு வருசம் ஒட்டுத் தாடியை வச்சுக்கிட்டு, மரக்குதிரையில உக்காந்து, வெளிய நின்னு கத்தினேன். உள்ள சூப்பு கொதிக்கும், ரொட்டி மணக்கும், எம் பொண்டாட்டியே உள்ள நின்னு என் மேல பனி உருண்டையை எறிவா. மணி அடிச்சப்புறந்தான் உள்ள விடுவாங்க. அதுக்குள்ள சூப்பு ஆறிப்போயிருக்கும்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்துது. ஒருதடவை, ஒரே ஒருதடவை, எவனாவது என்னைப் பாத்து 'ஸ்வோய்'னு சொல்லிரணும். மாமனாராவது சொல்லுவாருன்னு பாத்தேன். மனுசன் கதவு. கதவு பேசாதாம். அப்படி ஒரு சட்டம்.

போன வருசம் இலையுதிர் காலத்துல மாமனார் போய்ச் சேந்துட்டாரு. நல்ல சாவு. இடது கதவு எடம் அந்த வீட்டு ஆம்பிளைக்குத்தான் வரும். அவருக்கு வேரா ஒருத்திதான். அப்ப யாரு? நான்தானே! ஊரே கூடி மாசக்கணக்கா கூட்டம் போட்டுது. ரஷ்யாவுல எத்தனை பிரச்சினை, அதை எல்லாம் விட்டுட்டு கோட்டைவாசல்ல கறுப்புக் கதவு நிக்கலாமாங்கிறதுதான் பேச்சு. கடைசியில ரோதியோன் எந்திரிச்சு, 'நிக்கட்டும். ஆனா இவனுக்கு வெளிய ஆளு ஜாஸ்தி. யாருக்காகவாவது கையை மடக்கினான்னா, அடுத்த வருசத்துல இருந்து திரும்பவும் மரக்குதிரைதான்'னான்.

நான் ஒத்துக்கிட்டேன். பின்ன? கோவில்பட்டிக்குப் போனைப் போட்டு தம்பி கொம்பையாகிட்டச் சொன்னேன். அவன் எனக்கு நேரே இளையவன், அங்க பைக் மெக்கானிக். 'ஏல, கோட்டைவாசல் பூரா இனி அண்ணன் பொறுப்பு. நான் சொல்லாம ஈ காக்கா உள்ள வர முடியாது'ன்னேன். அவனுக்கு ஒரே சந்தோசம். சின்னதுல இருந்தே நான் என்ன சொன்னாலும் நம்புவான். அப்பா செத்தப்ப நான் போக முடியல, டிக்கெட் கிடைக்கல, அப்பவும் ஒரு வார்த்தை கேக்கல. 'நீ எப்படி வருவ, கோட்டையைப் பாக்கணும்ல'ன்னு அவனே சொல்லிட்டான்.

அதோட விட்டானா? பாஸ்போர்ட் எடுத்து, சொல்லாம கொள்ளாம கிளம்பி வந்துட்டான்! அதுவும் எந்த நாளு? கதவடைப்பு நாளு! நான் முதமுதல்ல மாமனாரோட ஆட்டுத்தோல் கோட்டைப் போட்டுக்கிட்டு, ரோதியோன் கையைப் பிடிச்சுக்கிட்டு, நெஞ்சை நிமித்திக் கதவா நிக்கேன். எதிர்ல பஸ்ல இருந்து ஒருத்தன் இறங்கி வாரான். மங்கி குல்லா, மேல ஒரு ஸ்வெட்டர், கால்ல சாதா ஷூ. கையில ஒரு பை. பனியில வழுக்கி வழுக்கி வாரான். பக்கத்துல வந்து, 'அண்ணே! நான்தான்ணே! கொம்பையா!'ங்கான்.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய? கதவு பேசக் கூடாது. ஊரே என்னைப் பாக்குது. ரோதியோன் என் காதுகிட்ட வந்து, 'யாரு அது? உன் ஆளா?'ங்கான். அவன் கேட்ட தொனி இருக்கே! பதினாறு வருசம் அந்தத் தொனியைக் கேட்டிருக்கேன்.

'தெரியாது'ன்னேன்.

சும்மா இல்ல தம்பி, யோசிச்சுத்தான் சொன்னேன். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரந்தான். அடிச்சதும் ஓடிப்போயிக் கட்டிப்பிடிச்சு விசயத்தைச் சொல்லிக்கிடலாம்னு கணக்கு. அவன் நிக்க வேண்டியதுதானே? நான் பதினாறு வருசம் நிக்கலையா? அவன் என்னடான்னா இன்னும் பக்கத்துல வந்து, என் மூஞ்சியைப் பாத்து, 'அண்ணே, குளிருதுண்ணே'ங்கான். நான் நேராப் பாத்துக்கிட்டு நிக்கேன். ஆடல, அசையல. மாமனார்கூட அப்படி நின்னதில்லன்னு அப்புறம் எல்லாரும் சொன்னாங்க.

இதுல வேரா செஞ்சதுதான் எனக்குத் தாங்கல. சூப்புக் கரண்டியோட நின்னவ சத்தத்தைக் கேட்டு ஓடி வந்தா. போட்டோவுல பாத்திருக்கால்ல, ஆளைக் கண்டுபிடிச்சுட்டா. உள்ள நின்னு 'ஸ்வோய்'னு அவ சொல்லியிருக்கலாம். சொல்லல. என்னைப் பாத்தா. 'நீ சொல்லுவன்னு பாத்தேன்'னா. அப்புறம் குனிஞ்சு எங்க கைக்கு அடியில நுழைஞ்சு வெளிய போயிட்டா! கதவடைப்பு நாள்ல கோட்டைக்காரி வெளிய போறதாவது! கதவு சாத்தியிருக்கு, சாத்தின கதவுக்குள்ள புகுந்து போறா! போயி தோள்ல கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து அவனுக்குப் போத்திவிட்டா. ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப்புல நின்னாங்க. அவளுக்குத் தமிழ் தெரியாது, அவனுக்கு ரஷ்யன் தெரியாது. என்னத்தப் பேசினாங்களோ. மணி அடிக்கிறதுக்கு முன்னால பஸ் வந்துட்டு. அவன் ஏறிப் போயிட்டான்.

வாசல்ல அவன் வச்ச பை அப்படியே கிடந்துது. கடலைமிட்டாய். ரோதியோன்தான் பிரிச்சுத் தின்னான். 'நல்லா இருக்கே, இன்னும் இருக்கா?'ன்னு கேட்டான். அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் என் முதுகைத் தட்டிக் குடுத்தாங்க. ரோதியோன் கோப்பையைத் தூக்கிக்கிட்டு, 'பெர்மா ஸ்வோய்!'னு கத்தினான். ஊரே கத்துச்சு. எத்தனை வருசத்து ஆசை! சூப்பும் சூடா இருந்துது. ஆனா வாய்ல வைக்க முடியல தம்பி. கிண்ணத்தை அப்படியே ரோதியோன் பக்கம் தள்ளி வச்சுட்டேன்.

அதுக்கப்புறம் கொம்பையா போன் எடுக்கல. கோவமாம்! நான் என்ன தப்புப் பண்ணினேன்? சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? வேரா டீயை மேசையில வச்சுட்டுப் போவா, பேச்சு கிடையாது. ஒரு வருசமா இப்படி. வார ஞாயித்துக்கிழமை திரும்பவும் கதவடைப்பு. கோட்டு பெட்டியில கிடக்கு. அதை அவ வெயில்ல போட்டுத் தரக்கூட இல்ல. இந்த ஊர்க்காரங்களுக்கு மனுசத்தன்மை கிடையாதுன்னு நான் முதல்லயே சொன்னேன்ல?

சரி, என் பாட்டையே படிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க என்ன சொல்ல வந்தீங்க? அந்தப் பையில என்ன அது? குடுங்க பாப்போம்.

கடலைமிட்டாய்.

இது எங்க ஊர் கடை மிட்டாய். இந்த மஞ்சக் காகிதம் எனக்குத் தெரியும். இது எப்படி உங்ககிட்ட? யாரு குடுத்தா? நீங்க டூரிஸ்ட் இல்லையா? துணைக்கு வந்தவரா? யாருக்குத் துணைக்கு?

எங்க நிக்கான்? வெளியவா?

தள்ளுங்க, ஜன்னலைத் துடைச்சுக்கிடுதேன். ஏ அப்பா, ஆமா. அதே மங்கி குல்லா. வேராவோட சால்வை. பக்கத்துல யாரு அது? வேராவா? அவதான் வரச் சொன்னாளா? ரெண்டு பேருக்கும் நடுவுல பாஷை மாத்திச் சொன்னது நீங்கதானா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்க பாத்தீங்களா! எவ்வளவு நேரமா நிக்காங்க? நான் டீ போட்டதுல இருந்தா? அட பாவி மனுசா, உள்ள வந்ததும் சொல்ல வேண்டியதுதானே? நான் விடலையா? ஆமா, விடல.

சரி, அவன் ஏன் அங்கேயே நிக்கான்? உள்ள வர வேண்டியதுதானே! இன்னைக்குத் திருநாளா? கதவுதான் இல்லையே! எவன் மறிச்சான்?

ஓ. யாராவது சொன்னாத்தான் வருவானாமா.

சரி, சொன்னாப் போச்சு. இங்க இருந்தே சொல்லுதேன். ஏல தம்பி, வால! அப்படின்னு தமிழ்ல ஒரு குரல் குடுத்தா முடிஞ்சுது. அங்க ரோதியோன் பெஞ்சுல உக்காந்து விதை கடிச்சுக்கிட்டிருக்கான், அவனுக்கும் ஒண்ணும் விளங்காது. ஞாயித்துக்கிழமைக்கும் பங்கம் இல்ல.

தமிழ்ல சொன்னா வர மாட்டானா? ரஷ்யன்லதான் சொல்லணுமாமா? ஊரு கேக்கணுமாமா? அந்த வார்த்தையை வேரா அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. அது காதுல விழுந்தா ஒரு எட்டு எடுத்து வைப்பான், இல்லைன்னா அடுத்த பஸ்ஸு. அப்படியா சொன்னான்? என் தம்பியா? சின்னதுல நான் நில்லுன்னா நிப்பான், உக்காருன்னா உக்காருவான். எப்பவுல இருந்து இவ்வளவு பிடிவாதம் வந்துது இவனுக்கு?

ரோதியோன் இங்கதான் பாக்கான். வெளியாளுக்காக வாயைத் தெறந்தா, அவன் அன்னைக்குச் சொன்ன மாதிரி திரும்பவும் மரக்குதிரைதான். அந்தத் தாடி வேற கன்னம் பூரா அரிக்கும்.

எல்லாரும் வெளியதான் நிக்காங்க தம்பி. பொண்டாட்டி, கூடப்பிறந்தவன். எனக்குன்னு இருக்கிறதே அந்த ரெண்டு பேருதான். உள்ள நான் யாரைக் காவல் காத்துக்கிட்டு இருக்கேன்?

அந்த ஜன்னலைத் தெறங்க. இறுகிப் போயிருக்கும், குத்துங்க. ஆங்.

ஸ்வோய்! ரோதியோன்! கேக்குதா? அவன் ஸ்வோய்! எம் பொண்டாட்டியும் ஸ்வோய்!

விதையைக் கீழ போட்டுட்டான் பாருங்க. கேட்டுருச்சு. நல்லாவே கேட்டுருச்சு. ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளு பாத்துக்கிடட்டும்.

கொம்பையா என்ன இன்னும் நிக்கான்? வேரா சிரிக்கா. கையைக் காதுல வச்சுக் காட்டுதா. என்னவாம்? சரியாக் கேக்கலையாமா? அவளுக்கா கேக்கல! கிட்ட வந்து சொல்லணுமாம். திமிரைப் பாத்தீங்களா ரெண்டு பேருக்கும்!

அந்தச் செருப்பு எங்க? வேண்டாம், கிடக்கட்டும். நான் போயிக் கூட்டிட்டு வாரேன். யாராவது டிக்கெட்டுன்னு வந்தா சும்மா உள்ள விடுங்க. கடலைமிட்டாயை அங்கேயே வைங்க தம்பி, பிரிக்காதீங்க. அவன் கையால தரட்டும்.